வெயில் ஏறுமுன் இன்வெர்ட்டர் பேட்டரியைத் திறந்து பாருங்கள்

பங்குனி பிறந்துவிட்டது. ராத்திரி கரண்ட் போனால் புழுக்கத்தில் பிள்ளைகள் தூங்க முடியாத நாட்கள் இனிமேல்தான். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியை இந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிடுங்கள். வெயில் காலத்தில் அதன் தண்ணீர் வேகமாகக் குறையும். உள்ளே ஈயத் தகடுகள் தண்ணீருக்கு மேலே தெரிந்து காய்ந்துவிட்டால், காய்ந்த பகுதி கெட்டுப்போகும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தவர்கள்கூட, வெயில் தணியும்வரை மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

சார்ஜ் நிறையும் கட்டத்தில் பேட்டரித் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு சின்னப் பொறி போதும், பற்றிக்கொள்ளும். பேட்டரி வெடித்தால் ஆசிட் முகத்தில்தான் தெறிக்கும். இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பல இன்வெர்ட்டர்களில் அந்த சுவிட்சை அணைத்த பிறகும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே பிளக்கையும் கழற்றுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பக்கத்தில் அகல்விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது. பூஜை அலமாரிக்குக் கீழேயே பேட்டரி வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து இடத்தை மாற்றுங்கள். 150 ஏஎச் பேட்டரி 50 கிலோ அளவுக்கு இருக்கும், சாய்ந்தால் ஆசிட் சிந்தும். ஆள் வைத்தே நகர்த்துங்கள்.

மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரியைச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ கைவைக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் மேலே உள்ள தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆறு மூடிகளையும் பாருங்கள். மிதவை சிவப்புக் குறிக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவேண்டும். ஆர்ஓ தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவும் உதவாது. அவற்றில் உள்ள உப்பும் உலோகத் துகளும் தகடுகளைக் கெடுக்கும். வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. அதனால் எக்காரணம் கொண்டும் ஆசிட் ஊற்றாதீர்கள். முழு சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவதே முறை, சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு இப்போதே ஊற்றி, சார்ஜ் ஏறியபின் மீதியை நிரப்புங்கள். பச்சைக் குறியின் மேல்கோட்டைத் தாண்டினால் ஆசிட் பொங்கி வழிந்து டெர்மினலை அரிக்கும். மூடிகளுக்குக் கீழே உள்ள ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மாதாமாதம் அதிகமாகக் குடிக்கிறதென்றால் அந்த அறையில் கோளாறு என்று அர்த்தம். அடுத்த முறை மெக்கானிக் வரும்போது ஆசிட்டின் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் வயரைக் கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இரண்டு முனையையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் பெரிய பொறி பறக்கும். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் நுரைத்து அடங்கும். அந்தக் கரைசல் ஒரு சொட்டுகூட மூடி வழியாக உள்ளே போகக்கூடாது. துடைத்துக் காயவைத்து, வயரை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

ஆசிட் தோலில் பட்டால் உடனே குழாயடியில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் இருப்பது மூடி இல்லாத சீல்டு பேட்டரி என்றால் திறக்க முயலாதீர்கள். டெர்மினலும் காற்றோட்டமும் மட்டும் பார்த்தால் போதும். ஆயுள் முடிந்த பேட்டரியை உடைக்கவோ தெருவோரம் போடவோ வேண்டாம். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.