லித்தியம் பற்றரிக்கு ஏற்ற சார்ஜ்

சோலார் விளக்கில் பழைய அசிட் பற்றரியை எடுத்துவிட்டு லித்தியம் பற்றரி பூட்டப் போறீங்களா? கொன்ட்ரோலரையும் கவனியுங்கள்.

12 வோல்ட் லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரிக்குள் 3.2 வோல்ட் செல்கள் நான்கு இருக்கும். ஏறக்குறைய 14.4 வோல்ட்டில் அது நிறைந்துவிடும். அசிட் பற்றரிக்கான சில கொன்ட்ரோலர்கள் 15 வோல்ட்டுக்கு மேலும் ஏற்றும், அது கூடாது. 'லித்தியம்' என்று மாற்றக்கூடிய கொன்ட்ரோலரையே பாவியுங்கள்.

0 பாகைக்குக் கீழே குளிர்ந்த பற்றரியைச் சார்ஜ் பண்ணினால் கெட்டுப்போகும். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் துகள்பனி விழும். அதனால் பற்றரியை வெளியே வைக்காமல், காம்பராவுக்குள் படுக்கை, துணிமணிக்குத் தள்ளி வையுங்கள்.

ஊதிப்போன பற்றரியைச் சார்ஜில் போடவே வேணாம். லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் கூரைவழியே அடுத்த வீட்டுக்கும் போய்விடும்.