மலையில் வைத்துக்கொள்வதா, கீழே அனுப்புவதா?

கேள்வி: கல்வராயன்மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன ஐயா. பாடம் தெரியும், தேர்வில் கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் இரவு டியூட்டியில், ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மட்டும் கூட இருக்கும்போது, வந்தவரை இங்கேயே வைத்துப் பார்ப்பதா, கள்ளக்குறிச்சிக்கு ரெஃபர் செய்வதா என்று தடுமாறுகிறேன். “அனுபவம் வந்தால் சரியாகிவிடும்” என்கிறார்கள். அதுவரை என் நோயாளிகள் என்ன செய்வார்கள்? மற்ற மருத்துவர்கள் எடுத்த முடிவுகளைப் படித்து இந்தத் திறமையை வளர்த்துக்கொள்ள முடியுமா?
— இளம் மருத்துவர், கல்வராயன்மலை

பதில்: முடியும் டாக்டர். “அதுவரை என் நோயாளிகள் என்ன செய்வார்கள்” என்று கவலைப்படுகிற ஒருவர் அந்த மலைக்குக் கிடைத்திருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஆனால் எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலோர் கேஸ் ஷீட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள். நோயாளி இறந்துவிட்டார் என்று தெரிந்தபின் படித்தால் ஒவ்வொரு வரியும் தப்பாகத் தெரியும். பிழைத்துவிட்டார் என்றால் அதே வரிகள் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். முடிவெடுத்தவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது என்பது இரண்டிலும் மறைந்துபோகிறது.

உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் நேர்ந்த மரணங்களுக்கு வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. இன்று அதைப் படிக்கிற யாருக்கும் விடை தெரியும். நீங்கள் விடையை மறைத்துவிட்டுப் படிக்க வேண்டும். பயிற்சிக்காக ஒரு நோயாளியைக் கற்பனை செய்வோம். விடியற்காலை, நாற்பது வயதுக் கூலித் தொழிலாளி, வயிற்று வலி, வாந்தி. நேற்று மாலை குடித்திருக்கிறார். இப்படி மாதத்துக்கு எத்தனையோ பேர் வருவார்கள். ஒரு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பலாமா?

இங்கே நிறுத்துங்கள். உங்கள் முடிவையும் காரணத்தையும் நோட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால், விடை தெரிந்த பிறகு “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்று மனது சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

இப்போது மேலே படியுங்கள். மெத்தனால் உடனே கொல்வதில்லை. அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே சாதாரண ஆல்கஹாலும் உள்ளே போயிருந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே முதலில் பார்க்கும்போது வெறும் குடிமயக்கம் போலவே இருக்கும். ரத்த வாயுப் பரிசோதனை உங்கள் நிலையத்தில் கிடையாது. இருப்பது உங்கள் கண்ணும் கேள்விகளும்தான். கண் மங்கலாகத் தெரிகிறதா? மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் போகிறதா? கூடக் குடித்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? அதே தெருவிலிருந்து இரண்டாவது ஆள் வந்துவிட்டால், ‘வயிற்று வலி’ என்று எழுதியதை அடித்துவிட்டு, டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு அனுப்பவும் மேலிடத்துக்குத் தகவல் சொல்லவும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கருணாபுரத்துக்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன், 2023 மே மாதத்தில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அங்கே முதல் சில மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படி நிறுத்தி நிறுத்திப் படிப்பது புதிதல்ல. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் கேபட் நூறாண்டுக்கு முன்பே இதை வகுப்பாக நடத்தினார். விடை தெரியாத மருத்துவர் எல்லார் முன்னிலையிலும் நோயை ஆராய்வார், கடைசியில்தான் நோய்க்கூறு மருத்துவர் எழுந்து விடையைச் சொல்வார். பின்னாளில் கேரி கிளைன் என்ற உளவியலாளர் அமெரிக்கத் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தபோது, அனுபவசாலிகள் பல வழிகளை அடுக்கி ஒப்பிட்டு முடிவெடுப்பதில்லை, சில அடையாளங்களைக் கண்டதும் நிலைமை இன்னது என்று அவர்களுக்குப் பிடிபட்டுவிடுகிறது என்று கண்டார். நமக்கு வேண்டியது அந்த அடையாளங்கள்தான்.

அதனால் ஒரு சீனியரிடம் “என்ன செய்தீர்கள்?” என்று கேட்டு நிறுத்தாதீர்கள். “எதைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது? வேறு எது தெரிந்திருந்தால் முடிவை மாற்றியிருப்பீர்கள்?” என்று கேளுங்கள். உதாரணத்துக்குப் பாம்புக்கடியைச் சொல்கிறேன். இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்க்கிறோம். உறைந்துவிட்டது. புதியவர் நிம்மதியாகி அனுப்பிவிடுவார். அனுபவப்பட்டவர் அனுப்பமாட்டார். கேட்டுப் பாருங்கள்: “ராத்திரி தரையில் படுத்திருந்தார், விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்தார், கடித்த தடம் தெரியவில்லை. கட்டுவிரியனாக இருக்கலாம். அதன் விஷம் நரம்பைத்தான் தாக்கும், ரத்தம் உறைவதைக் கெடுக்காது” என்பார். பிறகு நோயாளியை மேலே பார்க்கச் சொல்லி இமை தொங்குகிறதா என்று கவனிப்பார். ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்த்து, சற்று நேரம் கழித்து மறுபடியும் எண்ணச் சொல்வார். அந்த எண் குறைந்துகொண்டே வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார். பாடப்புத்தகத்திலும் இது உண்டு. ஆனால் எந்த நேரத்தில் எது முக்கியம் என்ற வரிசையை அவரிடம்தான் கற்க முடியும்.

மருத்துவர்களிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். ஒரு கர்ப்பிணியை வலி வரும் முன்பே கீழே கொண்டுபோய்விட வேண்டும் என்று கிராம சுகாதார செவிலியர் முடிவெடுக்கிறாரே, எதை வைத்து? மழை நாளில் மலைப்பாதையில் எந்த இடத்தில் நேரம் போகும் என்று 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தெரியும். உங்கள் மலையில் அவர்கள் சொல்வதை நான் பெரிய பேராசிரியர்களின் பேச்சுக்குச் சமமாக மதிப்பேன். பேறுகாலத்தில் தாய் இறந்தால் ஏன் என்று கூட்டம் போட்டு ஆராயும் பழக்கம் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்தக் கூட்டங்களுக்குத் தவறாமல் போங்கள். அதோடு, நூலிழையில் தப்பியவர்களைப் பற்றியும் விசாரியுங்கள். அவர்களைப் பற்றி யாரும் கூட்டம் போடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. வென்டிலேட்டர் பக்கத்திலேயே இருக்கிற மருத்துவர் “ஆறு மணி நேரம் கவனிப்போம்” என்று சொன்னதை மலையில் அப்படியே பின்பற்றாதீர்கள். அவருக்கு அது பாதுகாப்பான முடிவு. உங்களுக்கு, நிலைமை மோசமானால் அப்போதுதான் பயணமே தொடங்கும். அவரிடமிருந்து அடையாளங்களை எடுத்துக்கொள்ளுங்கள், முடிவை உங்கள் மலையின் தூரத்தையும் இரவையும் வைத்து நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது? கள்ளக்குறிச்சியின் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உங்களோடு படித்தவரோ பழகியவரோ யாராவது இருப்பார். நீங்கள் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் அங்கே கடைசியில் என்ன நோய் என்று முடிவானது, முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று வாரம் ஒருமுறை போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பும் முன்பே உங்கள் கணிப்பை நோட்டில் எழுதி வையுங்கள். நோயாளியின் பெயரோ சக மருத்துவரின் பெயரோ அதில் வேண்டாம். ஆளைக் குறை சொல்கிற நோட்டாக அது மாறினால், அடுத்த முறை யாரும் உங்களிடம் மனம் திறந்து பேசமாட்டார்கள்.