எது இரைச்சல், எது வானம்?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் சோமனூர். பீளமேட்டில் இளங்கலை இயற்பியல் படிக்கிறேன். பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவப் படம் என்று நீலமும் சிவப்புமாகப் புள்ளி புள்ளியாய் ஒரு வான்படம் பார்த்தேன். கருவியின் இரைச்சலையும் பால்வீதியின் ஒளியையும் நீக்கியது என்று அடியில் குறித்திருந்தது. இரைச்சல் எது என்று முன்பே தெரியாமல் எதை நீக்குவது? வேண்டியதையே சேர்த்து அழித்துவிட மாட்டார்களா? பக்கத்தில் ஊட்டியில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியால் இந்தப் படத்தை எடுக்க முடியுமா?

பதில்: ஊட்டியால் முடியாது. காரணம் தெரிந்தால் மற்றதும் விளங்கும். கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் மலைச்சரிவில் எழுப்பி, 1970 முதல் இயங்கிவரும் அந்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி சுமார் 327 மெகாஹெர்ட்ஸில் வானைக் கேட்கிறது. அந்த அதிர்வெண்ணில் பால்வீதியின் காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களின் ஒளியே ஓங்கி நிற்கும். நீங்கள் பார்த்த படத்தில் உள்ள, 2.725 கெல்வின் மட்டுமே கொண்ட நுண்ணலைப் பின்னணி அதில் மூழ்கிப்போகும். அதிர்வெண் ஏற ஏற அந்த ஒளி மங்கும். 100 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசி தலைதூக்கும். இரண்டும் அடங்கியிருப்பது ஏறத்தாழ 70 முதல் 100 ஜிகாஹெர்ட்ஸ் வரைதான். அங்கேயும் நம் காற்றின் நீராவி குறுக்கிடுவதால் 2001-ல் டபிள்யூமேப், 2009-ல் பிளாங்க் என்று செயற்கைக்கோள்கள் போயின. அவை தேடியது அந்தப் பின்னணியின் வெப்பநிலையில் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வை.

உங்கள் ஊர் விசைத்தறிக் கூடத்துக்குள் ஒருவர் பேசுவதை இரண்டு போன்களில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு போனின் 'உஸ்' சத்தமும் அதற்கே உரியது. பேச்சு இரண்டுக்கும் பொது. இரண்டிலும் ஒத்துப்போவதை மட்டும் எடுத்தால் 'உஸ்' கழிந்துவிடும். ஆனால் தறிச் சத்தமும் இரண்டிலும் இருக்கிறதே, அது போகாது. கருவி இரைச்சலும் பால்வீதி ஒளியும் இப்படி இரண்டு வேறு சிக்கல்கள்.

முதலாவதற்கு, ஒரே வானைத் தனித்தனி டிடெக்டர்களால் அளந்து, ஒன்றோடொன்று பெருக்கிச் சராசரி எடுப்பார்கள். தொடர்பில்லாத இரைச்சல்கள் சராசரியில் பூஜ்யத்தை நெருங்கும். டிடெக்டர் மெதுவாக நிலை மாறுவதும் உண்டு. பிளாங்க் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழன்று அதே இடங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒரே புள்ளி வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு அளவு காட்டினால், மாறியது கருவிதான்.

பால்வீதிக்கு அதிர்வெண்தான் அடையாளம். வெப்பநிலை அலகில் எழுதினால், பின்னணி எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவு; தூசியும் எலெக்ட்ரான் ஒளியும் அப்படியல்ல. எனவே பல படங்களை வெவ்வேறு எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். எடைகளின் கூட்டுத்தொகை 1 என்பது நிபந்தனை. அதனால் பின்னணி மாறாமல் நிற்கும்; மொத்த ஏற்றத்தாழ்வு மிகக் குறைவாகும்படி எடைகளைத் தேர்ந்தால் மற்றவை வடியும். நீங்கள் பயந்த ஆபத்து இங்கே கொஞ்சம் உண்மைதான்: பின்னணியும் பால்வீதியும் தற்செயலாக ஒத்துப்போகும் இடங்களில், அதிலும் பெரிய கோண அளவுகளில், பின்னணியும் சற்றுக் குறையும். அந்தக் குறைவைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும்.

இந்த இரு வழிகளையும் 2006-ல் இணைத்துக் காட்டியவர்கள் நம் நாட்டவர்கள்: ராஜீப் சாஹா, பங்கஜ் ஜெயின், தருண் சௌரதீப். டபிள்யூமேப் பொதுவில் வெளியிட்ட தரவை கான்பூர் ஐஐடியிலும் புனேயின் ஐயுகா வானியல் மையத்திலும் இருந்து ஆராய்ந்தார்கள். பால்வீதி எப்படி இருக்கும் என்ற முன்மாதிரி எதையும் வைத்துக்கொள்ளாமல் 48 படங்களைச் சுத்தம் செய்து, பொதுவாக ஒரு டிடெக்டர்கூட இல்லாத 24 ஜோடிகளைப் பெருக்கினார்கள். சொந்தச் செயற்கைக்கோள் இல்லாமல் செய்த இந்த வேலை எனக்குப் பெரிய மகிழ்ச்சி தருவது.

அதிர்வெண்களை ஒப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 மார்ச் சாட்சி. அண்டார்டிகாவில் பைசெப்2 குழு 150 ஜிகாஹெர்ட்ஸ் ஒன்றில் மட்டும் அளந்து, ஆதி ஈர்ப்பலைகளின் தடத்தைக் கண்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு பிளாங்கின் 353 ஜிகாஹெர்ட்ஸ் படத்தோடு சேர்த்துப் பார்த்தபோது, தூசியைக் கழித்தால் கண்டுபிடிப்பு என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

பிளாங்க் தரவு இலவசம். உங்கள் மடிக்கணினியே போதும். பயணத்தின் முதல் பாதிப் படத்தையும் இரண்டாம் பாதிப் படத்தையும் இறக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். வானம் மறைந்து இரைச்சல் மட்டும் வரும். பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தான இரு துருவங்களைச் சுற்றி அது குறைந்திருப்பதைக் காண்பீர்கள்; பிளாங்க் அதிக முறை பார்த்த இடங்கள் அவை.