குறுவட்டுக் கருவி: அறிந்து வாங்குவோம்

பல வீடுகளின் அலமாரிகளில் குறுவட்டுகள் இன்னும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. தாத்தா பாட்டி சேர்த்து வைத்த பக்திப் பாடல்கள், கருநாடக இசைக் கச்சேரிகள், பழைய திரைப்பாடல்கள் என அவற்றுள் பலவகை உண்டு. இணையத்தில் கிடைக்காத பதிவுகளும் அவற்றுள் இருக்கலாம். வட்டுகள் நல்ல நிலையில் இருந்தாலும், அவற்றை இயக்கும் கருவி பழுதடைந்துவிட்டால் அந்த இசையைக் கேட்க வழியில்லை. புதிய கருவி வாங்கக் கடைக்குச் செல்வோருக்கு விலைகள் திகைப்பூட்டும். நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் கருவியும் உண்டு; பல்லாயிரம் வெள்ளி மதிப்புள்ள கருவியும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது? குறுவட்டு செயல்படும் முறையை அறிந்தால் இக்கேள்விக்கு எளிதில் விடை காணலாம்.

ஃபிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய குறுவட்டு, 1982ஆம் ஆண்டு ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இவ்வட்டில் இசை எண்களாகப் பதிவு செய்யப்படுகிறது. ஒலியலை ஒரு வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, அந்த அளவுகள் மிக நுண்ணிய குழிகளாக மாற்றப்படுகின்றன. இக்குழிகள் வட்டின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் செல்லும் சுருள் வடிவத் தடத்தில் அமைந்துள்ளன. சுழலும் வட்டின்மீது லேசர் ஒளி பட்டுத் திரும்பும்போது கருவி அந்த எண்களைப் படிக்கிறது. தூசியாலோ சிறு கீறலாலோ சில எண்கள் விடுபட்டாலும், பிழைகளைத் திருத்தும் குறியீடுகள் வட்டிலேயே இருப்பதால் பெரும்பாலும் இசை தடைபடுவதில்லை.

இவ்வாறு படித்த எண்களை நம் காது கேட்காது. அவற்றை மீண்டும் மின்னலைகளாக மாற்ற வேண்டும். ஆகவே, குறுவட்டு இசையில் இரு வேலைகள் உள்ளன: ஒன்று படித்தல், மற்றொன்று மாற்றுதல். வழக்கமான குறுவட்டுக் கருவி இவ்விரண்டையும் செய்கிறது. ‘டிரான்ஸ்போர்ட்’ எனப்படும் கருவியோ படிக்கும் வேலையை மட்டுமே செய்கிறது. அது படித்த எண்களைக் கம்பிவழி ‘மின்னிலக்க மாற்றி’க்கு அனுப்புகிறது. மாற்றியிலிருந்து வரும் மின்னலைகளை ஆம்ப்ளிஃபையர் வலுப்படுத்த, ஸ்பீக்கர் அவற்றை ஒலியாக வெளியிடுகிறது.

எனவே, டிரான்ஸ்போர்ட் வாங்க விரும்புவோர் முதலில் வீட்டிலுள்ள ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். இன்றைய ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் மாற்றி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் ‘கோஆக்சியல்’ அல்லது ‘ஆப்டிக்கல்’ என்னும் மின்னிலக்க உள்ளீடு இருக்கும். டிரான்ஸ்போர்ட்டிலும் அதே வகை வெளியீடு இருத்தல் வேண்டும். இத்தகைய உள்ளீடு இல்லாத ஆம்ப்ளிஃபையராயின் மாற்றியைத் தனியே வாங்க நேரிடும். அந்நிலையில், இரு வேலைகளையும் செய்யும் வழக்கமான குறுவட்டுக் கருவியே சிக்கனமாக அமையலாம்.

விலை கூடினால் ஒலியும் உயருமா? ஒரே வட்டைப் பிழையின்றிப் படிக்கும் இரு டிரான்ஸ்போர்ட்டுகளும் ஒரே எண்களைத்தான் அனுப்பும். எண்கள் செல்லும் நேரத்தில் மிக நுண்ணிய ஏற்ற இறக்கம் ஏற்படலாம் என்பது உண்மையே. ஆயினும், நன்கு வடிவமைக்கப்பட்ட மாற்றிகள் அதனைப் பெருமளவு சரிசெய்துவிடுகின்றன. கூடுதல் விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் உறுதியான இயங்குபகுதி, ஓசையின்றிச் சுழலும் தன்மை, தெளிவான திரை, அழகிய உறை ஆகியவையே. இவையும் பயனுள்ளவைதாம். எனினும், கேட்கும் ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும் அது வைக்கப்படும் அறையுமே. இரு கருவிகளுள் எது சிறந்தது என்னும் ஐயம் எழுந்தால், ஒலியளவைச் சமமாக வைத்து, எது இயங்குகிறது என்று அறியாமல் கேட்டுப் பார்ப்பதே நேர்மையான சோதனை.

இக்காரணத்தால், மின்னிலக்க வெளியீடுள்ள பழைய டிவிடி கருவியும் டிரான்ஸ்போர்ட்டாகப் பயன்படும். அது வீட்டிலேயே இருந்தால் செலவு ஒரு கம்பி மட்டுமே. ஆனால், அத்தகைய கருவிகள் சிலவற்றில் பாடலின் எண்ணைக் காட்டும் திரை இராது. தொலைக்காட்சியின் துணையின்றிப் பாடலைத் தெரிவு செய்வது அப்போது கடினம்.

பயன்படுத்திய கருவியை வாங்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வட்டுத்தட்டு தடையின்றித் திறந்து மூட வேண்டும். முதல் பாடலை மட்டுமன்றி, விளிம்பருகே உள்ள கடைசிப் பாடலையும் ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும். வீட்டில் பதிவு செய்த வட்டு ஒன்றையும் கொண்டு சென்று சோதிப்பது நல்லது. தேய்ந்த லேசர் அதனைப் படிக்கத் தடுமாறும். மாற்று லேசர் பகுதி கிடைக்குமா என்றும் விசாரிக்க வேண்டும். ஜப்பானியச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்ட கருவிகள் 100 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. இங்குள்ள 230 வோல்ட் மின்சாரத்தில் அவற்றை நேரடியாக இணைத்தால் பழுதாகிவிடும். ஆதலால், கருவியின் பின்புறத்தில் குறிக்கப்பட்டுள்ள வோல்ட் அளவைப் படித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

கருவியைப் போலவே வட்டுகளுக்கும் பராமரிப்புத் தேவை. வட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தல் கூடாது. தடத்தின் போக்கிலேயே நீளும் கீறலைத் திருத்துவது கருவிக்குக் கடினம். பெயர் அச்சிடப்பட்ட பக்கத்தையும் காக்க வேண்டும். ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் படலம் அப்பக்கத்திற்கு மிக அருகில்தான் உள்ளது.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. ஒரு கருவியின் எப்பகுதி எவ்வேலையைச் செய்கிறது என்பதை அறிந்தவர் விளம்பரத்தைக் கண்டு மயங்கமாட்டார். தமக்குத் தேவையானதற்கு மட்டுமே செலவிடுவார். அவர் வீட்டு அலமாரியில் உள்ள இசையும் அடுத்த தலைமுறையின் காதுகளை எட்டும்.

கருத்துணர் வினாக்கள்

1. வழக்கமான குறுவட்டுக் கருவிக்கும் டிரான்ஸ்போர்ட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. டிரான்ஸ்போர்ட் வாங்குமுன் வீட்டிலுள்ள ஆம்ப்ளிஃபையரை ஏன் பார்க்க வேண்டும்?
3. பயன்படுத்திய கருவியை வாங்குவோர் செய்ய வேண்டிய சோதனைகளுள் மூன்றனைக் குறிப்பிடுக.
4. ‘விலை உயர்ந்த பொருளே சிறந்த பொருள்’ என்னும் கூற்றை நீ ஏற்கிறாயா? பனுவலிலிருந்து சான்றுகள் காட்டி விளக்குக.