கமக்காரர் வீட்டில் ஒரு சிறு தச்சுப் பட்டறை

கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களில் மாசி, பங்குனி மாதங்களிற் பெரும்போக அறுவடை முடிந்ததும், மன்னார்க் கமக்காரர் பலருக்குச் சிறிது ஓய்வு கிடைக்கின்றது. முறிந்த பிடிகளையும் ஆட்டங்கண்ட கருவிகளையும் சீர்செய்வதற்கு அதுவே ஏற்ற காலமாகும். விதைப்பு நாளிலே மண்வெட்டி கழன்றுவிடின் அரைநாள் வேலை வீணாகும்; கழன்ற இரும்பு அருகில் நிற்பவரின் காலிற் பாய்ந்தால் இழப்பு அரைநாளோடு நில்லாது.

பட்டறைக்கு வீட்டின் ஓலைத் தாழ்வாரம் ஒன்றே போதும். ஆனால் சோளகக் காற்று நேரே வீசும் பக்கத்தில் அதனை அமைத்தலாகாது. தீவிலும் கரையோரத்திலும் அக்காற்று கொண்டுவரும் மணல் கருவியின் வாயைக் கெடுக்கும். உப்பு இரும்பை அரிக்கும். வேலை முடிந்ததும் கருவிகளைத் துடைத்து, எண்ணெய்ச் சீலையாற் பூசி, மூடியுள்ள பெட்டியில் வைத்தல் வேண்டும். கைவாள், இழைப்புளி, இரண்டு உளிகள், கொட்டாப்புளி, துறப்பணம், மூலைமட்டம், அரம், சாணைக்கல் என்பன தொடக்கத்துக்குப் போதுமானவை. கூரிய உளியைக் காட்டிலும் மழுங்கிய உளியே ஆபத்தானது. மிகுந்த பலத்தோடு தள்ளப்படுவதால் அது வழுக்கிக் கையைக் குத்தும்.

இனி மரத்தைப் பற்றிக் கூறுவோமாயின், பனையே முதலில் நினைவுக்கு வரும். ஆயினும், 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதியின்றிப் பெண்பனையை வெட்டுதல் குற்றமாகும். பனையின் வைரம் வெளிப்புறத்திலேயே உள்ளது. உட்பகுதி மென்மையானது, விரைவில் உளுத்துப்போகும். ஆணி அடிக்குமுன் துறப்பணத்தால் துளையிடாவிட்டாற் பனஞ்சலாகை பிளந்துவிடும். கருவிப் பிடிக்கு வேலியிலுள்ள பூவரசு நல்லது. உடைமரம் கோணலாக வளர்வதாயினும், ஆப்புக்கும் கொட்டாப்புளிக்கும் வேண்டிய கடினம் அதற்கு உண்டு. பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தின் பருமனைக் கண்டு எவரும் ஆசைப்படவேண்டியதில்லை. அவ்வின மரம் நீர் நிறைந்த பஞ்சு போன்றது, தச்சுக்கு உதவாது. கடல் ஒதுக்கிய பலகை இலவசமே. ஆனால் அதிலூறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஆணிகளை அரிக்கும்.

எம்மரமாயினும் பச்சையாகப் பயன்படுத்துதல் கூடாது. மரம் காயும்போது நீளத்திற் பெரிதும் குறைவதில்லை; குறுக்கிலேயே சுருங்குகின்றது. பச்சைப் பிடி சில வாரங்களில் தளர்வதன் காரணம் இதுவே. வெட்டிய கொம்பின் பட்டையை உரித்து, இரு முனைகளிலும் சாணத்தைத் தடிப்பாகப் பூசி, நிழலில் நிலத்திற் படாமல் அடுக்கிவைக்க வேண்டும். முனைகள் முந்திக் காய்வதாலேயே வெடிப்பு உண்டாகின்றது. சாணம் அதனைத் தாமதப்படுத்தும். இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு கொம்பைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். அடுத்தடுத்த இரு நிறைகளும் ஒன்றாயின் மரம் காய்ந்துவிட்டது எனலாம்.

ஆடும் மண்வெட்டியைத் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. அது அன்றைய வேலைக்கு மட்டுமே உதவும். ஊறிய நார்கள் இரும்புக் கண்ணுக்குள் விரிய இடமின்றி நசுங்குகின்றன. மீண்டும் காய்ந்தபோது பிடி முன்னிருந்ததிலும் சிறுத்துவிடும். எனவே காய்ந்த பிடியைக் கண்ணுக்குச் சற்று இறுக்கமாகச் செதுக்கி, நுனியில் வாளால் ஒரு பிளவு அறுத்துக்கொள்க. பிடியைக் கண்ணுட் செருகியபின், மண்வெட்டி கீழே தொங்குமாறு பிடித்துக்கொண்டு, மேலுள்ள பிடியின் அடியைக் கொட்டாப்புளியால் தட்டினால், கனத்த இரும்பு தானாகவே பிடியில் ஏறி இறுகும். அதன்பின் காய்ந்த உடைமர ஆப்பைப் பிளவில் அடித்து, மிகுதியை அறுத்துவிடலாம்.

மரக்கறிச் செய்கையாளர் எஞ்சிய பலகைத் துண்டுகளால் நாற்றுப் பெட்டிகள் செய்துகொள்ளலாம். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், மூன்று அங்குல ஆழம் போதும். அடிப்பலகைகளுக்கிடையே நீர் வடிவதற்குக் கால் அங்குல இடைவெளி விடுதல் வேண்டும். கறையானுக்கு அஞ்சிச் சிலர் கழிவு இயந்திர எண்ணெயைப் பூசுவதுண்டு. நாற்றுப் பெட்டிக்கு அதனைப் பூசலாகாது. பெட்டியைக் கல்லின்மேல் உயர்த்திவைத்து, அடிக்கடி அடிப்பக்கத்தைப் பார்த்துவரின், ஏறும் கறையான் புற்றை உடனே தட்டிவிடலாம்.