கோடிக்கு முந்தின படி: ஆடலாமா, கிளம்பலாமா?

சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' 2012-ல் வந்தப்போ நாமெல்லாம் ஸ்கூல் பசங்க. சன் டிவியில சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' அதுக்கும் முன்னாடி. ரெண்டுக்கும் மூலம் 1998-ல் பிரிட்டனில் தொடங்கின ஒரே ஷோதான். அந்தப் பரிசுப் பணத்தை எப்படி அடுக்கியிருக்காங்கன்னு கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

பிரிட்டனில் 15 கேள்வி. 100 பவுண்டில் தொடங்கி 10 லட்சம் பவுண்டில் முடியும். 2000-ல் வந்த இந்தி 'கௌன் பனேகா க்ரோர்பதி'யில் 1,000 ரூபாயில் தொடங்கி 1 கோடி. எண்களைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, அதே ஏணியைப் பத்தால் பெருக்கியிருக்காங்க, அவ்வளவுதான்!

5,000-க்கு மேல ஒவ்வொரு படியும் இரட்டிப்பு: 10,000, 20,000, 40,000… இப்படி 6,40,000 வரை. அடுத்து 12,80,000 தானே வரணும்? ஆனா 12,50,000. காரணம், 1 கோடியிலிருந்து பாதி பாதியா கீழே இறங்கினா 50, 25, 12.5 லட்சம். கீழிருந்து வர்ற வரிசையும் மேலிருந்து வர்ற வரிசையும் அங்கே ஒட்டப்பட்டிருக்கு.

இன்னொரு விஷயம், தரைத்தொகை. 3,20,000-ஐத் தொட்டுட்டா, பிறகு தப்பா சொன்னாலும் அது கைக்கு வரும். அப்போ எவ்வளவு உறுதி இருந்தா ஆடலாம்? சூத்திரம் இதுதான்:

(கையில் இருப்பது − தரைத்தொகை) ÷ (அடுத்த தொகை − தரைத்தொகை)

6.4 லட்சத்திலிருந்து 12.5-க்கு: 34%
12.5-லிருந்து 25-க்கு: 43%
25-லிருந்து 50-க்கு: 47%
50-லிருந்து 1 கோடிக்கு: 48%

அதாவது கடைசிக் கேள்வியில் நாலு ஆப்ஷன் ரெண்டாகி, பூவா தலையான்னு நின்னாலும் (50%) 'ஆடு'ன்னு சராசரிக் கணக்கு சொல்லுது. ஆனா நிஜத்துல யாராவது ஆடுவாங்களா? தப்பினா 46.8 லட்சம் போச்சு!

இதுக்கு டேனியல் பெர்னூலி 1738-லேயே பதில் சொல்லிட்டார்: பணத்தோட மதிப்பு அதோட லாக் மாதிரிதான் ஏறும். சேமிப்பையும் சேர்த்து லாக் போட்டுப் பாருங்க. 5 லட்சம் சேமிப்பு உள்ளவருக்கு அதே கேள்வியில் சுமார் 75% உறுதி வேணும். 5 கோடி உள்ளவருக்கு 51% போதும். கேள்வி ஒண்ணுதான், ஏணி ஒண்ணுதான். ஆனா வசதி குறைஞ்சவர்தான் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கு. அதைப் பயம்னு சொல்லாதீங்க, அது சரியான கணக்கு.

வரி? பிரிட்டனில் வினாடி வினா பரிசுக்கு வருமான வரி கிடையாது. இங்கே ஸ்லாப் எல்லாம் பார்க்காம நேரா 30%, சர்சார்ஜும் செஸ்ஸும் தனி. ஆனா எல்லாப் படிக்கும் ஒரே சதவீதம் பிடிச்சா, மேலேயும் கீழேயும் அடிபட்டுப் போயிடும். சராசரிக் கணக்குல வர்ற அந்த 48% மாறாது.

2020 ஜனவரியில், கலர்ஸ் தமிழ் 'கோடீஸ்வரி'யில் மதுரை கௌசல்யா கார்த்திகா 1 கோடி ஜெயிச்சாங்க. காது கேட்காத, பேச முடியாத ஒருத்தர் அந்தக் கடைசிப் படியை ஏறினார். அந்த நாற்காலியில் 'லாக் பண்ணுங்க'ன்னு சொல்ல என்ன உறுதி வேணும்னு இப்போ உங்களுக்கே தெரியும்.

பிளேஸ்மென்ட் சீசன்ல இதே சூத்திரம் உதவும். கையில ஒரு ஆஃபர், எதிரே அதைவிடப் பெரிய கம்பெனி இன்டர்வியூ. முதல்ல கேட்க வேண்டியது 'எவ்வளவு கிடைக்கும்'னு இல்ல. 'கிடைக்கலேன்னா என் தரைத்தொகை எது'ன்னு.