இரண்டாம் கியர் ஏன் அடம் பிடிக்கிறது?

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. ஊட்டிக் குளிரில் காலையில் காரை எடுத்தால் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாம் கியர் விழ மறுக்கிறது, எஞ்சின் சூடேறிய பிறகு சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். கடைக்காரர் "ஜிஎல்-5 கியர் ஆயில் போடுங்க, அதுதான் ஒசத்தி" என்கிறாராம். இப்போதைக்கு வாங்காதே. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

ஆயில் எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மேனுவல் கியர் பாக்ஸுக்கு அது பொருந்தாது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது உள்ளே நடப்பதைப் பார். இரண்டாம் கியர் சக்கரம் ஒரு வேகத்தில் சுற்றுகிறது; அது பூட்டிக்கொள்ள வேண்டிய ஷாஃப்ட் அதைவிட மெதுவாகச் சுற்றுகிறது. இரண்டையும் சமப்படுத்தாமல் சேர்த்தால் பல்லோடு பல் மோதிக் 'கர்ர்' என்று அலறும். அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' போட்டதெல்லாம் இதைக் காலாலேயே சமப்படுத்தத்தான். 1928-ல் அமெரிக்காவில் கேடிலாக் கம்பெனி, ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் முறையைக் காரில் கொண்டுவந்த பிறகு அந்த வேலையை கியர் பாக்ஸே செய்துகொள்ள ஆரம்பித்தது.

அதைச் செய்வது சிங்க்ரோ ரிங். பெரும்பாலும் பித்தளை. அதன் உட்புறத்தில் நூலிழை போல மெல்லிய வரிகள் வெட்டியிருப்பார்கள். நீ கியர் கம்பியைத் தள்ளும்போது அந்த ரிங், கியர் சக்கரத்தில் உள்ள இரும்புக் கூம்பின் மேல் போய் அழுந்தும். நடுவில் இருக்கும் ஆயிலை அந்த வரிகள் கிழித்து வெளியே தள்ளும். ஆயில் விலகினால்தான் பித்தளை இரும்பைப் பிடிக்கும். பிடித்தால்தான் வேகம் சமமாகும். சமமானால்தான் கியரை ஷாஃப்டோடு இணைக்கும் ஸ்லீவ் உள்ளே போய்ப் பூட்டும். இவ்வளவும் நீ கையை எடுப்பதற்குள் முடிந்துவிட வேண்டும். அதனால் கியர் ஆயிலிடம் நாம் கேட்பது இரட்டை வேலை. பற்களுக்கு இடையில் அது நின்று காக்க வேண்டும், ரிங்குக்கு அடியில் சட்டென்று விலகி வழிவிட வேண்டும்.

உன் வண்டியின் காலைத் தொல்லை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. குளிரில் ஆயில் கெட்டியாகி, ரிங்கின் வரிகளுக்கு அடங்காமல் நிற்கிறது. டப்பாவில் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 75டபிள்யூ ஆயிலை மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூவை மைனஸ் 26-லும், 85டபிள்யூவை மைனஸ் 12-லும் சோதிப்பார்கள். அந்தக் குளிரிலும் வரம்பை மீறிக் கெட்டியாகக் கூடாது. பின்னால் உள்ள எண் 100 டிகிரிச் சூட்டில் அதன் கெட்டித்தன்மை. ஆகவே 75டபிள்யூ-90-ம் 80டபிள்யூ-90-ம் சூடான பிறகு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் உன் டிசம்பர் மாதக் காலையில்தான் தெரியும். இந்த 90-ஐ எஞ்சின் ஆயில் எண்ணோடு ஒப்பிட்டு மிரளாதே. அது வேறு அளவுகோல். கியர் ஆயில் 90, எஞ்சின் ஆயிலில் 40-க்கும் 50-க்கும் பக்கத்தில் வரும், அவ்வளவுதான்.

இப்போது ஜிஎல் கதை. கியர் ஆயிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று வகைகள் உண்டு. 5 என்பது 4-ஐவிடப் பெரிய எண் என்பதால் அது உயர்ந்த தரம் என்று கடைகளில் சொல்கிறார்கள். அப்படியல்ல, வேலை வேறு. பின்சக்கரம் இழுக்கும் ஜீப், வேன் போன்றவற்றின் பின் அச்சில் ஹைபாய்டு கிரவுன் வீல் இருக்கும். அதன் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று பெரும் பாரத்தோடு உரசிச் சறுக்கும். அதைத் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தை ஜிஎல்-5-ல் அதிகம் சேர்க்கிறார்கள். கிரவுனுக்கு அது உயிர். பித்தளை ரிங்குக்கோ இரண்டு வகையில் ஆகாது. பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும். சூட்டில் அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கவும் செய்யலாம். புதிய ஜிஎல்-5 ஆயில்கள் சிலவற்றில் அரிப்பைக் குறைத்திருக்கிறார்கள், ஆனால் வழுக்கல் வழுக்கல்தான். உன்னுடையது எஞ்சின் குறுக்காகப் பொருத்திய முன்சக்கர வண்டி. அதில் ஹைபாய்டே கிடையாது. அப்புறம் எதற்கு ஜிஎல்-5? அதே சமயம், சுபாரு போன்ற சில கார்களில் ஹைபாய்டும் கியர் பாக்ஸும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன; அங்கே கம்பெனியே ஜிஎல்-5 கேட்கும். மேனுவல் புத்தகம் சொல்வதே முடிவு.

ஆயிலைத் தொடும் முன் கிளட்சைப் பார்த்துவிடு. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார். அப்போது லேசாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது எல்லாமே டைட்டாக இருந்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று பொருள். நின்ற வண்டியில் கிளட்சை மிதித்துச் சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டும் அது கரகரத்தால் சந்தேகமே வேண்டாம். எந்த ஆயிலும் அதைச் சரிசெய்யாது. சூடான பிறகும் ஒரே ஒரு கியர் மட்டும் அலறினால் அந்த கியரின் ரிங் தேய்ந்திருக்கிறது.

ஆயில் மாற்றும்போது கூடவே நில். வண்டி கொஞ்சம் ஓடிச் சூடாக இருக்கட்டும், சமதரையில் நிற்கட்டும். ஊற்றுகிற வாயின் போல்ட்டை முதலில் கழற்றச் சொல். பழைய ஆயிலை வடித்துவிட்டு, மேல் போல்ட் வரவே இல்லை என்று தவிக்கிறவர்கள் உண்டு. வடிந்த ஆயிலை விரலில் தேய்த்து வெயிலில் பார். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் கவலையில்லை. ஆயிலில் பொன் துகள் போல மினுமினுத்தால் அது ரிங் கரைந்த பித்தளை. இரும்புச் சில்லு கிடைத்தால் பெட்டியைப் பிரித்தே பார்க்க வேண்டும். புது ஆயிலைப் பெரும்பாலான வண்டிகளில் வாயின் கீழ்விளிம்பு வரை நிரப்பினால் போதும். அதற்கு மேல் 'ஸ்மூத்' ஆக்கும் மருந்து என்று எதையாவது ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

மேனுவலில் 'மேனுவல் டிரான்ஸ்மிஷன் ஆயில்' என்று இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து இன்றே எனக்கு அனுப்பு. அதில் 75டபிள்யூ அனுமதித்திருந்தால், ஜிஎல்-4 தரத்தில் அதையே வாங்கலாம்.

அன்புடன்,
மாமா